பொம்பருக்கு வைத்த கறுத்த பொட்டு

மற்றவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவன் என்று வீட்டில் எனக்கு நல்ல பெயர். அதனால்தானோ என்னவோ, உலகப் போர்க்காலத்துக் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் மூக்கில் படம் வரைய என் அக்கா மதுராவுக்கு அழைப்பு வந்தபோது, உதவிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சென்ற மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஒஸ்லோவுக்கு வந்து பழைய விமானம் பார்க்க ஆசைப்படுபவர்களுக்காக எழுதுகிறேன்.

நாங்கள் இருக்கும் புருசெத்திலிருந்து சுரங்க ரயிலில் நகர மையம். அங்கிருந்து ரயிலில் லில்லெஸ்ட்ரோம், பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். பிறகு விமானக் கொட்டகைக்குப் பேருந்து. காத்திருப்பதையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

பேருந்து ஓட்டுநர் மட்டக்களப்புக்காரர். எங்கள் வண்ண வாளிகளைப் பார்த்தார்.

"என்ன மனே, ஆர்ர வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறாய்?"

"வீட்டுக்கில்லை அண்ணை, பொம்பருக்கு."

"பொம்பருக்கோ! நாங்க அதின்ர சத்தம் கேட்டாலே பங்கருக்குள்ள பாய்ஞ்ச ஆக்கள். நீ அதுக்குப் பவுடர் பூசப் போறியா?"

சிரித்துக்கொண்டே கதவை மூடினார். அக்கா சிரிக்கவில்லை.

கொட்டகைக்குள் விமானம் பளபளவென்று நின்றது, மூக்கு மட்டும் மொட்டையாக. அந்தக் காலத்தில் விமானிகள் அதிர்ஷ்டத்துக்காக மூக்கில் படம் வரைவார்களாம். இதில் பறந்த ஒரு நோர்வே இளைஞர், தான் காதலித்த பெண்ணையே நீச்சலுடையில் வரைந்திருக்கிறார். அந்தப் படத்தில் மிஞ்சியது, விமானத்தின் மூக்கோடு எடுத்த உள்ளங்கையளவு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றுதான். அவர்களுடைய மகள் மாரித் மத்தியானம் வந்து பார்ப்பார். முகம் அம்மாவுடையது என்று அவர் சொன்னால் படம் நிற்கும். இல்லையென்றால் அழித்துவிட்டு மூக்கை வெறுமையாகவே விடுவார்கள்.

புகைப்படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கிய தாளில், கோடு நெடுக வீட்டிலேயே ஊசியால் துளையிட்டுக் கொண்டுவந்திருந்தோம். தாளை ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புத்தூள் பொட்டலத்தால் தட்டினேன். கோடு இறங்கியது. அக்கா வண்ணம் பூசினாள். தகட்டு ஆணிகளின் தலைகள் துருத்திக்கொண்டு நின்றதால் அழகிக்கு முகப்பரு. கடைசியாக, புகைப்படத்தில் இருந்தபடியே கன்னத்தில் வட்டமாக ஒரு கறுத்த பொட்டு வைத்தாள்.

மாரித் வந்தார். எண்பதை நெருங்கும் வயது. நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். அவர் கதைத்தது நோர்வேஜியம், யாழ்ப்பாணத் தமிழாக்கியது நான்.

"அம்மாவேதான். ஆனா கன்னத்தில இது என்ன?"

அக்கா புகைப்படத்தை நீட்டினாள்.

"ஐயோ பிள்ளை, அது விமானத்தில துப்பாக்கிச் சன்னம் துளைச்ச ஓட்டை! அம்மான்ர முகத்தில ஒரு மச்சம்கூட இல்லை."

அக்காவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. எங்களில் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. எங்கள் வீட்டுப் படங்களில் எல்லாக் குழந்தைகளின் கன்னத்திலும் அப்படியொன்று இருக்கும். அக்கா துணியை எடுத்தாள். மாரித் தடுத்தார்.

"பொறுங்கோ. நீங்கள் என்னெண்டு நினைச்சு வைச்சனீங்கள்?"

நான்தான் சொன்னேன். "வடிவான பிள்ளைக்கு நாவூறு படக்கூடாதெண்டு வைக்கிறது. ஒரு குறை இருந்தா கண் படாதாம்."

அவர் புகைப்படத்தைக் கையில் வாங்கினார். பிறகு, "இந்தப் புகைப்படம் எங்கட வீட்டிலதான் தொங்கினது. ஆக்கள் வந்தா அம்மா வெக்கத்தில சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவா. அவை போனதும் அப்பா திருப்பி வைப்பார். அவர் சாகும்வரைக்கும் அதே சண்டைதான்" என்றார்.

"அப்ப பொட்டை அழிக்கட்டோ?" அக்கா கேட்டாள்.

"கன்னத்தில வேண்டாம். அம்மா எழும்பி வந்து ஏசுவா. வேற எங்கயும் வைக்கிறதில்லையோ?"

"ஓம், உள்ளங்காலில வைப்பம்."

அக்கா கன்னத்தைத் துடைத்துத் திருத்தினாள். மாரித் ஏணியில் இரண்டு படி ஏறினார், நான் பிடித்துக்கொண்டேன். கறுப்பு வண்ணத்தில் விரலைத் தோய்த்து, அம்மாவின் மடக்கிய உள்ளங்காலில் அழுத்தினார். கை துடைக்கத் துணி கொடுத்தேன். வாங்கவில்லை.

சனிக்கிழமைகளில் மட்டும் திறப்பார்கள், நுழைவு இலவசம். வாபிள் நாற்பது குரோனர், தாராளமாக ஜாம் விடுவார்கள். கோடையிலும் மேலங்கி கொண்டுபோங்கள், உள்ளே குளிர். பொம்பர் என்றால் ஓடி ஒளிந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். ஒரு பொம்பரின் முன்னால் இவ்வளவு நேரம் அமைதியாக நிற்க முடியும் என்று நினைத்ததில்லை.

மூக்கின் இடப்பக்கம் போய் அண்ணாந்து அழகியின் உள்ளங்காலைப் பாருங்கள். யாரோ வண்ணத்தைச் சிந்திவிட்டார்கள் என்று பக்கத்தில் நிற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.