பெடலோடு கட்டிய கால்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொங்கலுக்காகத் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் எல்லாம் சாத்தியிருந்த நாட்களில் நடந்தது இது. அப்போது நான் ஒரு கம்பெனியில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. காலில் வலு இருந்தது, தலையில் அவ்வளவாக ஒன்றும் இல்லை.

எங்கள் பகுதி இளைஞர்கள் சேர்ந்து வருடா வருடம் ஒரு சைக்கிள் பந்தயம் வைப்பார்கள். ஊரைச் சுற்றி வருகிற சின்னப் பந்தயம் இல்லை. திருப்பூரில் கிளம்பி காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், கணியூர், மடத்துக்குளம், உடுமலை, பல்லடம் என்று ஒரு சுற்று வர வேண்டும். வந்த கையோடு அதே வழியில் இன்னொரு சுற்று. தூங்கக் கூடாது என்று விதி எதுவும் கிடையாது. ஆனால் தூங்கினவன் யாரும் ஜெயித்ததில்லை. கியர் எல்லாம் நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை, எல்லோருக்கும் சாதாரணக் கம்பி பிரேக் சைக்கிள்தான். ஒவ்வொரு ஊரிலும் ஒரு டீக்கடை முன்னால் ஆள் நிற்பார். சாயத்தைத் தொட்டு நம் முழங்கையில் ஒரு கோடு இழுத்துவிடுவார். ஊருக்கு ஒரு நிறம். துணிக்கு ஏற்றுகிற சாயப்பட்டறைச் சாயம் என்பதால் குளித்தாலும் போகாது, ஏமாற்றவும் முடியாது.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்று வீட்டில் கேட்டார்கள். பவர் டேபிள் என்கிற மோட்டார் தையல் மெஷினில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நாள் முழுக்கக் காலால் பெடலை அழுத்திக்கொண்டே இருப்போம், ஆனால் உட்கார்ந்த இடத்தைவிட்டு ஓரடி நகர மாட்டோம். சைக்கிளிலும் அதே கால், அதே அழுத்தம்தான். ஆனால் ஊர்கள் பின்னால் போகும். விடிகிற நேரத்தில் காங்கேயம் ரோட்டில் எதிரே ஒரு ஈ காக்கா இல்லாமல், சங்கிலிச் சத்தமும் நம் மூச்சும் மட்டும் கேட்க, உடம்பு தானாகப் போய்க்கொண்டே இருக்கும் பாருங்கள், அந்தச் சுகத்தை ஒரு தடவை ருசி பார்த்தவனைக் கட்டிப் போட முடியாது. முந்தைய வருடம் ஒரு சுற்றோடு நின்றுவிட்டேன். அந்த ஏக்கம் வருடம் முழுக்க இருந்தது.

அந்தத் தடவை நான் நின்றதற்குக் காரணம், அசதியில் கால் பெடலில் இருந்து வழுக்கிக்கொண்டே இருந்ததுதான். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். திருப்பூர்க்காரனுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் கை முதலில் போவது கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைக்குத்தானே? மெஷின் துடைக்க, தலையணை அடைக்க, காயத்துக்குக் கட்டுப் போட எல்லாவற்றுக்கும் அதுதான். நானும் பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியில் நீள நீளமாக நாடா கிழித்து, இரண்டு காலையும் பெடலோடு சேர்த்துச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். ரிப் இழுத்தால் வரும், விட்டால் சுருங்கும். காலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இதைவிட வசதி ஏது என்று என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

கட்டவும் அவிழ்க்கவும் ஆள் இருந்தான். என் மனைவியின் தம்பி மொபெட்டில் தண்ணீர், குளுக்கோஸ், வாழைப்பழத்தோடு பின்னாலேயே வந்தான். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே முன்னால் போய் நின்று, என்னையும் சைக்கிளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முடிச்சை அவிழ்ப்பான். முதல் சுற்று முழுக்க இது பிரமாதமாக நடந்தது. இரண்டாம் சுற்றில் தாராபுரம் தாண்டும்போது எனக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

ஆனால் உடம்பு அதற்கு முன்பே புகார் சொல்ல ஆரம்பித்திருந்தது. தொடை இடுக்கில் தோல் உரிந்து, வியர்வை பட்டால் நெருப்பாக எரிந்தது. கழுத்து தலையைத் தாங்க மாட்டேன் என்றது. மைல் கல் எல்லாம் வெள்ளை நாய் குத்த வைத்து உட்கார்ந்திருப்பதாகத் தெரிந்தது. இவற்றையெல்லாம் எதிர்பார்த்துத்தான் வந்தேன். எதிர்பாராதது கை. முதலில் சுண்டு விரல் மரத்தது, அடுத்து பக்கத்து விரல், பிறகு இரண்டு கையிலும் எல்லா விரல்களும். ஹேண்டில்பாரின் மேல் கை இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மொபெட் பஞ்சர் ஆனது.

“மாமா, நீங்க நிக்காம போயிட்டே இருங்க. நான் பஞ்சர ஒட்டிட்டு பொறகாலயே வந்தர்றனுங்க” என்று கத்தினான். நான் தலையாட்டிவிட்டு மிதித்தேன். முன்னால் போகிற ஆளைப் பிடிக்கும் வெறியில், இனிமேல் என்னை நிறுத்த ஆள் இல்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது கொஞ்ச தூரம் போன பிறகு. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பிரேக் பிடித்தேன். பிடித்ததாக நினைத்தேன். விரல்கள் பிரேக் கம்பியின் மேல் செத்த பல்லி மாதிரி கிடந்தன, அழுத்தவே இல்லை. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கரும்புத் தோகை முகத்தைக் கீறியது. எப்படியோ விலகி வந்துவிட்டேன். கையால் பிடிக்க முடியாது, காலை ஊன்ற முடியாது. நான் சைக்கிள் ஓட்டவில்லை, சைக்கிளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தேன்.

மிதிப்பதை நிறுத்திவிட்டு மெதுவாக ஓரத்தில் விழ வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதை யோசித்தேன். அன்று முழுக்க அந்த ரோட்டில் கரும்பு லோடு லாரியும் டிராக்டரும் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. எந்தப் பக்கம் சாய்வேன் என்று எனக்கே தெரியாது. ரோட்டுப் பக்கம் சாய்ந்தால் சக்கரத்துக்கு அடியில்தான். கால் கட்டோடு சைக்கிள் முறுக்கினால் எலும்பு என்ன ஆகும்? டெய்லருக்குக் கையும் காலும் போனால் மிச்சம் என்ன? ஒரு தடவை குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். சைக்கிள் ரோட்டின் நடுவுக்குப் போய்விட்டது. லாரிக்காரர் ஹாரனை அலற விட்டுக்கொண்டு உரசிப் போனார். அதன் பிறகு குனியவே பயம்.

சரி, ஊர் வரும், மனிதர்கள் இருப்பார்கள், பிடிக்கச் சொல்லலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கணியூரும் வந்தது. பொங்கல் விடுமுறை, ரோட்டோரம் நல்ல கூட்டம். “புடிங்க! என்னயப் புடிங்க!” என்று கத்தினேன். நாக்கு வறண்டு போயிருந்ததால் என்ன சத்தம் வந்ததோ தெரியவில்லை. கூட்டம் கை தட்டியது. “முன்னால போறவனப் புடிக்கறனுங்கறான் பாரு! உட்ராதீங்க, மிதிங்க!” என்று ஒருவர் விசில் அடித்தார். என் முழங்கையில் சாயம் தடவுபவர்கூட, நேரம் வீணாகக் கூடாது என்று கூடவே ஓடி வந்து கோடு இழுத்துவிட்டு, முதுகில் தட்டி அனுப்பினார். அழுகையாக வந்தது எனக்கு.

ஊர் எல்லையில் இன்னொன்று நடந்தது. பழனிக்கு நடந்து போகிற பக்தர்களின் காலில் தண்ணீர் ஊற்றுவதற்காகப் பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். வெயிலில் வருகிறவர்களுக்குக் கால் குளிரட்டும் என்று செய்கிற புண்ணியம். என்னைப் பார்த்ததும், இந்த மனிதன் காலும் பாவம்தானே என்று இரண்டு பேர் ஓடி வந்து என் காலிலும் ஊற்றினார்கள். ஒரு நிமிடம் சொர்க்கம். அப்புறம்தான் தெரிந்தது, நனைந்த நாடா இறுகிவிட்டது. முடிச்சு கல்லாகிவிட்டது. பாதத்தில் ரத்தம் ஓடாமல் விண் விண் என்று தெறித்தது. இனிமேல் யார் வந்தாலும் சட்டென்று அவிழ்க்க முடியாது என்று தெரிந்தபோது வந்த பயத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. என் மனைவியின் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே மிதித்தேன்.

ஊரைத் தாண்டியதும் ரோட்டை ஒட்டி வாய்க்கால் வந்தது. கரையில் மணல் கொட்டி வைத்திருந்தார்கள். அதைக் கண்டதும் விழுந்தால் இதில்தான் விழ வேண்டும் என்று முடிவு செய்தேன். பக்கத்தில் வெட்டிய கரும்புக் காட்டில் ஒரு கூட்டம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களைப் பார்த்தும் ஒரு தடவை கத்தினேன். அவர்களிலும் சிலர் கை தட்டினார்கள். நான் உடம்பைச் சாய்த்து மணலை நோக்கித் திருப்பினேன். கை முழுதாகத் திருப்பவில்லை. முன்சக்கரம் மணலின் ஓரத்தை மட்டும் உரசிக்கொண்டு போக, அடுத்த நொடி சைக்கிளோடு வாய்க்காலுக்குள் இருந்தேன்.

ஆழம் இடுப்பளவுதான் இருக்கும். நின்றால் பிழைத்துக்கொள்ளலாம். நிற்பதற்குக் கால் வேண்டுமே? சைக்கிள் சேற்றில் படுத்துக்கொண்டது, நான் அதனடியில் தலைகீழாகக் கிடந்தேன். தண்ணீர் மூக்கில் ஏறியது. ஒரு தடவை தலை வெளியே வந்து வானம் தெரிந்தது, அடுத்த தடவை வரவில்லை. செத்துப் போகப் போகிறோம் என்று ரொம்பத் தெளிவாக நினைத்தேன்.

அப்போது யாரோ என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேலே தூக்கினார்கள். மூச்சு வந்தது. கண் திறந்தால், கரும்பு வெட்டுகிற அரிவாளோடு ஒரு அம்மா தண்ணீரில் நிற்கிறார். முடியைப் பிடித்திருந்தவர் அவருடைய வீட்டுக்காரர்.

“தலய நான் புடிச்சுக்கறேன், நீ அறு புள்ள” என்றார் அவர்.

“ஆட்டாத கண்ணு, கால ஆட்டாத. சித்தெ இரு” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா குனிந்தார். கலங்கிய தண்ணீரில் என் கால் வெளியே தெரியவில்லை. அரிவாள் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மரத்த காலில் வெட்டு விழுந்தாலும் தெரியாது அல்லவா? கண் திறந்தபோது தண்ணீர் சிவப்பாக இருந்தது. போச்சு, கால் போச்சு என்று ஓலமிட்டேன்.

கரையில் தூக்கிப் போட்டதும் முதலில் என் பாதங்களைத்தான் பார்த்தேன். நீலம் பாய்ந்து, நாடாத் தழும்போடு, முழுசாக இருந்தன. ஒரு கீறல் இல்லை. ரத்தம் வந்தது அந்த அம்மாவின் இடது கையிலிருந்து. நாடாவுக்கும் என் காலுக்கும் நடுவில் தன் இரண்டு விரலைக் கொடுத்துக்கொண்டு, அதன் மேல்தான் அறுத்திருக்கிறார்.

“ஏனுங்கம்மா இப்படிப் பண்ணினீங்க?” என்றேன்.

“தண்ணிக்குள்ள ஒண்ணுந் தெரியலயே கண்ணு. விரலு உள்ள இருந்தாத்தான துணி எங்க முடியுது, காலு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியும்” என்றார். ஏதோ காய் நறுக்குகிற விஷயம் மாதிரிச் சொல்லிவிட்டு, முந்தானையைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டார்.

வெள்ளகோவில் பக்கத்திலிருந்து கரும்பு வெட்ட வந்த குடும்பமாம். நான் விழுவதற்கு முன்னாலேயே அந்த அம்மா சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓட ஆரம்பித்துவிட்டார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு அவர், “எல்லாரும் சைக்கிளப் பாத்தாங்க. நீ அழுதுட்டு வந்தியே கண்ணு” என்றார். கொஞ்ச நேரத்தில் மொபெட் வந்து சேர்ந்தது. என் கோலத்தைப் பார்த்து மைத்துனன் என்னைவிட அதிகமாக அழுதான். நான் ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கால் சீக்கிரமே சரியானது. விரல்கள்தான் வெகு நாட்கள் பயமுறுத்தின. ஊசியில் நூல் கோக்க வராது, சட்டைப் பொத்தான் போட வராது. நரம்பு நசுங்கியிருக்கிறது, திரும்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றார் டாக்டர். தினமும் காலையில் எழுந்ததும் சுண்டு விரலைக் கிள்ளிப் பார்ப்பேன். வலிக்காவிட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. ஒரு நாள் வலித்தது. வலித்ததற்காகச் சந்தோஷப்பட்டுக் கத்தியது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். உணர்வு வந்ததும் மனைவியோடு கணியூருக்குப் போனேன். வெட்டு முடிந்து அந்தக் குடும்பம் வேறு காட்டுக்குப் போயிருந்தது. எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய விரல் ஆறியதா, மடங்குகிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று வழியெல்லாம் நின்றவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கை தட்டியவர்கள், விசில் அடித்தவர்கள், தண்ணீர் ஊற்றியவர்கள் எல்லோரும் எனக்கு நல்லதுதான் நினைத்தார்கள். இப்போது ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஷிப்மென்ட் நெருக்கடியில் யாராவது விடிய விடிய மெஷினைவிட்டு எழாமல் தைத்தால், புலி சிங்கம் என்று சுற்றி நின்று பாராட்டுவார்கள். எனக்கு மட்டும் கை தட்ட வராது. பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்து, “எந்திரிக்கோணுமாங்க?” என்று கேட்பேன். ஆமாங்க என்று சொல்ல முடியாமல் கண் கலங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வர இங்கே ஒருவராவது இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.