இரண்டு கூடு கட்டிய டிராகன்

சிறுவர்களுக்கு நான் எழுதிய முதல் டிராகன் கதை எப்படிப் பிறந்தது என்று போகிற பள்ளிக்கூடங்களில் எல்லாம் கேட்பார்கள். பர்மாவிலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் குடியேறிய ஒரு வீட்டில் பீங்கான் ஜாடி இருந்தது, அதில் சிறகு முளைத்த பாம்பு ஒன்று வரைந்திருந்தது, அதைப் பார்த்து எழுதினேன் என்று சொல்வேன். ஜாடி இருந்தது நிஜம். மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதின்மூன்று வயது. அந்தமானில், போர்ட் பிளேரின் டெலானிபூரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால்தான் தமிழ்ப் பத்திரிகையைக் கண்ணால் பார்க்க முடியும். அதுவும் பெரியவர்கள் படித்து முடித்து, அட்டை கிழிந்த பிறகுதான் எங்கள் கைக்கு வரும். அதனால் நானும் என் வகுப்புத் தோழியும் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் ஒரு இதழ், ஒரே ஒரு பிரதி. சரிவில் மேலும் கீழுமாக இருந்த பதினோரு தமிழ் வீடுகளுக்கும் அது வரிசையாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். படித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் கருத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும்.

முன்பாதி என் டிராகன் தொடர். பின்பாதி அவள் எழுதும் வாழ்க்கைக் கதைகள். கூலி வேலை செய்துகொண்டே படித்து டாக்டரானவர், பார்வை இல்லாமலே பள்ளிக்கூடம் கட்டியவர் என்று யாராவது ஒருவர் மாதா மாதம் கஷ்டப்பட்டு முன்னுக்கு வருவார். எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். என்னுடையது கோழி கிளறிய மாதிரி. அதனால் என் கதையையும் அவள்தான் நகலெடுப்பாள்.

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா கப்பலில் ஸ்டோர் கீப்பர். மெட்ராஸுக்கும் போர்ட் பிளேருக்குமாகப் போய் வந்துகொண்டிருப்பார். எல்லோரும் அவரை ஸ்டோர்பாபு என்பார்கள். ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு தகரக் கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். அவளாகவே ஆரம்பித்தாள்.

"அப்பா டிரங்குப் பெட்டில ரெண்டு பாவாடை இருந்துச்சு. ஒரே துணி. மெட்ராஸ்ல தைச்சது. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு ரொம்பக் குட்டி. அதுல டெய்லர் ஒரு சீட்டு குத்தியிருந்தான். யாரோ ஒரு பொண்ணு பேரு. இனிஷியல் எங்கப்பாவோடது."

டெய்லர் கொடுத்த பொட்டலத்தை மெட்ராஸ் வீட்டில் பிரிக்காமலே கொண்டு வந்துவிட்டார் போலிருக்கிறது. அங்கே அவருக்கு இன்னொரு வீடு இருக்கிறது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது. என் தலையில கை வெச்சு கசம் பண்ணு."

ஈரத் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. எழுதினேன், அவ்வளவுதான்.

அந்த மாதம் என் டிராகன் எல்லோருடனும் சண்டை போட்டு முடித்துவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அதற்கு இரண்டு தீவுகளில் இரண்டு கூடுகள் கொடுத்தேன். நடுக்கடலில் பறந்து பறந்து இரண்டுக்கும் மீன் கொண்டு போகும். ஒருநாள் அதன் சிறகு மடிப்பில் மகள் டிராகன் ஒரு சங்கு மாலையைப் பார்க்கிறது. தன்னுடையதைப் போலவே இருக்கிறது, ஆனால் சின்னது. அம்மா டிராகனோ ஒன்றும் தெரியாமல், கடலைப் பார்த்தபடி புருஷனுக்காகக் காத்திருக்கிறது. செதிலும் வாலும் ஒட்டிவிட்டால் யாருக்கு அடையாளம் தெரியும் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். தோழிக்கு அப்போது மலேரியா. அந்த இதழை மட்டும் நானே நகலெடுத்துச் சுற்றுக்கு விட்டேன்.

இதழ் இருக்கும் வீட்டுக்குத் தினமும் போய்க் கடைசிப் பக்கத்தை எட்டிப் பார்த்தேன். வழக்கமாக 'நன்று' என்று ஒற்றை வார்த்தை எழுதுகிறவர்கள் அந்தத் தடவை பத்தி பத்தியாகப் புகழ்ந்திருந்தார்கள். மூன்றாவது வீட்டில், "அடுத்த இதழ் வரும்வரை தூக்கம் வராது" என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான்காவது வீட்டு அத்தை தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். இந்தி கலக்காமல் அவருக்குத் தமிழ் வராது. தெருக்குழாயில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அரே பேட்டி, ஏக்தம் சூப்பர்! ஆனா அந்த டிராகன் நம்ம ஸ்டோர்பாபு மாதிரியே இருக்கே? மெட்ராஸ்ல இன்னொரு குடும்பம்னு ஷிப்ல பேசிக்கிட்டாங்களாம். சச் ஹை க்யா?"

நிஜமா என்று கேட்கிறார். தெரியாது என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். தோழியின் வீடு வரிசையில் ஏழாவது. இன்னும் நாள் இருந்தது. பிழை திருத்த வேண்டும் என்று சொல்லி இதழை வாங்கி, அந்த நான்கு தாளைக் கிழித்துவிட்டால் போதும். அதற்காகத்தான் மறுநாள் ஐந்தாவது வீட்டுக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஒரு ஹெட் கிளார்க். யாரையும் மெச்சாதவர். மனைவிக்கு என் கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க, எழுத்தாளரே!" என்றார்.

அதுவரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிவந்தேன். ஆறாவது வீட்டுக்குப் போகவே இல்லை.

ஏழாம் நாள் வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போட்டேன். எட்டாம் நாள் சாயங்காலம் அவளே வந்தாள். காய்ச்சலில் பாதியாக இளைத்திருந்தாள். கையில் இதழ். வெறும் கதைதான் என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவள் சொல்ல விடவில்லை.

"அம்மாதான் முதல்ல படிச்சாங்க. படிச்சிட்டு என்கிட்ட, 'உனக்கும் தெரியுமா?'ன்னு கேட்டாங்க."

அவளே தொடர்ந்தாள்.

"அவங்களுக்கு மூணு வருஷமாத் தெரியுமாம். எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் ஒண்ணும் நடக்காத மாதிரி இருந்தாங்களாம். கப்பல் வர்ற அன்னிக்கெல்லாம் எனக்காகத்தான் தலை சீவிப் பூ வெச்சுக்கிட்டாங்களாம்." இதழைக் கை மாற்றிக்கொண்டாள். "நேத்து கப்பல் வந்துச்சு. வெச்சுக்கல."

பிறகு இதழை நீட்டினாள். "எட்டாவது வீட்டுக்கு நீயே குடுத்துடு."

அந்த நேரத்தில் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் மன்னித்துக்கொள் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். என் கண் கடைசிப் பக்கத்தின் மேல் இருந்தது.

"அம்மா கருத்து ஏதாவது எழுதினாங்களா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். இதழைப் படியில் வைத்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போனாள். அந்த மாதமே அவள் அம்மா வேறொரு தீவில் இருந்த ஹட் பே ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். ஜெட்டிக்குப் போய் வழியனுப்ப எனக்கு முகம் இல்லை. அவளிடம் நான் கடைசியாகப் பேசியது அந்தக் கேள்விதான்.