பஸ்லி நானாவும் டேப் சுற்றிய வயரும்

பஸ்லி நானாவின் மரணச் செய்தி வந்தபோது நான் சீகிரியாவில், பாதி கட்டிய ஒரு ஹோட்டலின் படிக்கட்டில் அளவு நாடாவோடு நின்றிருந்தேன். போனில் அவருடைய தங்கச்சி. "நானா மவுத்தாகிட்டாங்க. காய்ச்சல்தான் ஈந்தது. அசர் தொழுகைக்குப் பொறகு எடுக்கிற" என்று சொல்லிவிட்டு அழக்கூட நேரமில்லாமல் வைத்துவிட்டார். உடனே பஸ் ஏறினேன். தம்புள்ளையில் ஒரு ஆமிச் சோதனை, நாலந்தைக்கு அருகே இன்னொன்று. ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டி, மறுபடி ஏறவேண்டும். மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். வாசலில் செருப்புகள் மட்டும் குவிந்து கிடந்தன. உள்ளே அவருடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. இன்று வரையும் எங்கேயும் உட்கார முடியாமல்தான் அலைகிறேன்.

ஊருக்கே நானாவாக, அண்ணனாக இருந்த அவரை அறிந்தவர்கள் இதை வாசித்தால் சிரிப்பார்கள். உட்காராத மனிதருக்கு உட்காரமுடியாதவள் எழுதும் அஞ்சலி. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரித்தான் எப்போதும் நிற்பார். தேத்தண்ணீரைக் கூட நடந்துகொண்டே குடிப்பார். "குந்தினா வேலயும் குந்திரும்" என்பது அவருடைய பேச்சு. வாப்பாவுக்கு டவுனில் மிளகு, கராம்பு வியாபாரம். பல்லேபொல பக்கத் தோட்டங்களில் இருந்து வரும் மூட்டைகளை அடுக்கிய பின்னறையில்தான் மகன் கொம்பியூட்டர் பொருத்தினார். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் துண்டு துண்டாகச் சாமான் கொண்டுவந்து, நமக்கு வேண்டிய மாதிரிப் பூட்டித் தருவார். அவர் பொருத்திய எந்தப் பெட்டியைத் திறந்தாலும் கராம்பு வாசம் அடிக்கும். என்னுடையதில் இன்னும் அடிக்கிறது.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. பெட்டிக்குள் வேலையில்லாமல் மிஞ்சுகிற வயர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, கறுப்பு டேப்பால் உருட்டிக் கட்டி, டிஸ்க் தட்டுக்குப் பின்னால் செருகிவிடுவார். முன்னொரு தடவை பஸ்ஸில் ஒரு கொம்பியூட்டர் பெட்டியை வயர் தொங்கத் தொங்கக் கொண்டுபோய், ஆமிக்காரரிடம் அரை நாள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதன் பிறகு அவர் கையால் வெளியே போன எந்தப் பெட்டியிலும் தொங்கும் வயர் கிடையாது. வடக்கில் சண்டையும் இங்கே வீடு வீடாக ஆமிச் சோதனையும் நடந்த காலம் அது. மூட்டை அடுக்கிய கிட்டங்கி மாதிரி ஒழுங்காக இருக்கிற பெட்டியைப் பார்த்தால் திறந்தவர்களும் மூடிவிட்டுப் போவார்கள் என்பது அவருடைய கணக்கு.

என் கதைக்கு வருகிறேன். அப்பா யாழ்ப்பாணத்தவர். அரசாங்க உத்தியோகம் பார்க்க மாத்தளைக்கு வந்து, ஓய்வுபெற்ற பின்னும் அலுவிகாரையில் அதே வாடகை வீட்டில் இருந்துவிட்டார். அம்மா காலமான பிறகு அவருக்கு இந்த ஊரில் பிடிப்பில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா எங்கள் இருவரையும் கூப்பிட்டு எல்லா ஏற்பாடும் செய்துகொண்டிருந்தான். எனக்குப் போக விருப்பமில்லை. கட்டட வரைபடம் கீறுவது என் தொழில். இந்த மலையும் இந்த வெயிலும் தெரிந்த எனக்கு அங்கே போய்ப் பனியில் எதைக் கீறுவது? வாக்குவாதம் முற்றிப்போன ஒரு நாளில் அப்பா தீர்ப்புச் சொன்னார்: "பிள்ளை, உனக்கெண்டு சொந்தமா ஒரு வேலை இந்த ஊரில கிடைச்சால் நீ நில்லு. இல்லாட்டி என்னோட வா." அந்தச் சமயத்தில்தான் சீகிரியா முதலாளி ஒருவர், தான் கட்டப்போகும் ஹோட்டல் கட்டி முடிந்தால் எப்படியிருக்கும் என்று படமாகக் காட்டச் சொன்னார். காட்டினால் முழு வேலையும் எனக்கு. பெருமழைக்கு முன் அத்திவாரம் வெட்டவேண்டும், அதற்குள் படம் வேண்டும் என்றார்.

என் கொம்பியூட்டரோ கோட்டுப் படம் கீறத்தான் காணும். வெயில், நிழல், கூரை, மரம் என்று முப்பரிமாணத்தில் காட்டச் சொன்னால் இரைந்து இரைந்து உறைந்து நின்றுவிடும். அண்ணாவிடம் சொன்னேன். என்னைக் கூட்டிக்கொண்டு போகத் துடித்தவன்தான், ஆனாலும் தங்கை கேட்டாள் என்று நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை ஊருக்கு வந்த சிநேகிதனிடம் கொடுத்துவிட்டான். சிநேகிதன் பாரம் என்று கார்டின் பெட்டியையும் பூட்டும் முறை சொல்லும் புத்தகத்தையும் அங்கேயே எறிந்துவிட்டு, கார்டை மட்டும் ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பஸ்லி நானா கார்டைப் பூட்டினார். சுவிட்சைப் போட்டால் காற்றாடிகள் சுற்றின, திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றிவிட்டுப் பழையபடி போட்டால் படம் வந்தது. திரும்பப் பூட்டினால் கறுப்பு. மெமரியைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்தார். மதர்போர்ட் பற்றரியை எடுத்துவிட்டுப் போட்டார். வேறு திரை, வேறு வயர் எல்லாம் பார்த்தார். கடைசியில் பவர் சப்ளைக்குப் பலம் போதாது என்று முடிவுகட்டி, கண்டிக்குப் போய்ப் பெரிதாக ஒன்று கொண்டுவந்து மாற்றி, அதில் மிஞ்சிய வயர்களையும் வழக்கம்போல டேப்பால் சுற்றினார். அப்போதும் கறுப்பு. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று அப்பா நாற்காலியில் இருந்தபடி சொன்னார். அந்தக் குரலில் இருந்த திருப்தி எனக்கு இன்னும் எரிச்சலைத் தருகிறது.

முதலாளி படம் எங்கே என்று போன் எடுத்துக் கேட்கத் தொடங்கினார். எனக்கு நித்திரையில்லை. கார்ட் வரும் வழியிலேயே செத்துவிட்டதோ என்று சந்தேகம். பெட்டியை அப்படியே கண்டிக் கடைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதிப்பதுதான் வழி என்றார் பஸ்லி நானா. நானும் வருவேன் என்றேன். வேண்டாம் என்றார். அதற்குக் காரணம் இருந்தது. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது, அதைக் கண்டால் ஆமிக்காரர் லேசில் விடமாட்டார்கள். ஆனால் என் படங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. அதைத் தனியே அனுப்ப எனக்கு மனமில்லை. முரண்டு பிடித்துப் பஸ்ஸில் ஏறினேன்.

கண்டி வீதியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் அட்டையைப் பார்த்த ஆமிக்காரர் அதைத் திருப்பித் தரவில்லை. பெட்டியையும் இறக்கச் சொல்லி, அது யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். மர நிழலில் போய் நிற்கச் சொன்னார். பஸ்லி நானாவின் அட்டையை ஒரு பார்வை பார்த்துக் கொடுத்துவிட்டு, நீ போகலாம் என்றார். கண்டக்டர் அவசரப்படுத்தினார். மற்றவர்கள் ஏறி உட்கார்ந்து ஜன்னலால் என்னைப் பார்த்தார்கள். பஸ்லி நானா போகவில்லை. நேரே வந்து என் பக்கத்தில் நின்றார். பஸ் புறப்பட்டுப் போயிற்று. அவருடைய தொப்பியும் பையும் அதற்குள்ளேயே போய்விட்டன.

அவரை அசையாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். கையைப் பிசையவில்லை, காலை மாற்றவில்லை. அங்கே அசைந்தால் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் போங்கள் நானா, அப்பாவுக்குச் சொல்லுங்கள் என்று மெல்லச் சொன்னேன். என் பக்கம் திரும்பாமலே, "இன்னொரு பஸ் வரும்" என்றார்.

கொஞ்சம் வயதான அதிகாரி ஒருவர் வந்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் அவருடைய கண் நேரே டிஸ்க் தட்டுக்குப் பின்னால் போயிற்று. டேப் உருண்டையை இழுத்து எடுத்தார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். வேலையில்லாத வயர் என்றார் பஸ்லி நானா. வேலையில்லாததை ஏன் கட்டி ஒளிக்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். எந்தப் பழக்கம் எங்களைக் காப்பாற்றும் என்று நினைத்திருந்தோமோ அதுவே எங்களைப் பிடித்துக் கொடுக்கிறது என்று நினைத்தேன்.

அதிகாரி டேப்பை வெட்டினார். ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று காட்டச் சொன்னார். பஸ்லி நானா பொறுமையாகக் காட்டினார். இது டிஸ்க்குக்கு, இது காற்றாடிக்கு, இது இரண்டாவது டிஸ்க் இருந்தால் அதற்கு. மிச்சமாக ஆறு ஓட்டைகள் உள்ள ஒரு கறுப்புச் செருகி இருந்தது. இது எதற்கும் இல்லை என்றார். அதிகாரி அதை நம்பவில்லை. டோர்ச்சைப் பெட்டிக்குள் அடித்துத் தேடி, என் புதிய கார்டின் விளிம்பில் விரலை வைத்தார். அப்படியானால் இந்த வாய் எதற்கு என்றார். அங்கே அதே ஆறு ஊசிகளோடு ஒரு வெறும் துளை இருந்தது. தனக்கென்று தனி மின்சாரம் கேட்கும் கார்டை பஸ்லி நானா அதற்கு முன் பூட்டியதில்லை. அவர் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருகியை எடுத்து உள்ளே அழுத்தினார். டக்கென்று பொருந்திற்று.

அதிகாரிக்கு அது ஒரு அதிசயமும் இல்லை. எல்லா வயருக்கும் இடம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். நான் கொடுத்த இலக்கத்தில் சீகிரியா முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டார். அந்தப் புண்ணியவான் சிங்களத்தில் என்னைப் பற்றி என்ன சொன்னாரோ, அட்டை என் கைக்கு வந்தது. நாங்கள் கண்டிக்குப் போகவில்லை. மாத்தளைப் பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி, பொழுது சாயும் நேரத்தில் கராம்பு மூட்டைகளுக்கு நடுவே பெட்டியை வைத்துச் சுவிட்சைப் போட்டோம். திரை வெளிச்சமாயிற்று. என் ஹோட்டல், கூரையில் வெயிலோடு, சுற்றிச் சுற்றித் திரும்பியது. நான் அழுதேன். அவர் வழக்கம்போல அங்குமிங்கும் நடக்கத் தொடங்கினார்.

அழுகை அடங்கியதும் எனக்கு வாய் வந்தது. நோயே உங்கள் டேப்தான் நானா, இனிமேலாவது அதைச் சுற்றாதீர்கள் என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. மிஞ்சிய வயர்களைத் திரும்பவும் சேர்த்துச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "வயர் ஒண்டு தப்பினா மெஷின்தான் எழும்பாது, தங்கச்சி. டேப் இல்லாட்டி ஆளே திரும்பி வர மாட்டாங்க."

படம் நேரத்துக்குப் போயிற்று. வேலை கிடைத்தது. அப்பா சொன்ன சொல் மாறாமல் என்னை விட்டுவிட்டுக் கனடாவுக்குப் போனார். பஸ்லி நானாவோ கட்டார், டுபாய், கொழும்பு என்று மாதத்துக்கு ஒரு ஊருக்குப் போகப் புறப்பட்டு, எங்கும் போகவில்லை. பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிவார். நான் கிண்டல் பண்ணினால், "எனக்கு ஒரு எடத்தில ஈக்க ஏலா. ஒங்களுக்கு இங்க ஈக்க ஏலும். அத உட்டுராதீங்க" என்பார். ஏன் அன்றைக்குப் பஸ்ஸில் ஏறவில்லை என்று இரண்டொரு தரம் கேட்டிருக்கிறேன். கேட்டது காதில் விழாத மாதிரி அடுத்த மேசைக்குப் போய்விடுவார். நன்றி என்று நான் சொல்ல ஒரு நாளும் அவர் நின்று கேட்டதில்லை. அது என்னைக் குடைகிறது.

நேற்று அண்ணா பேசினான். வடக்கில் நடக்கிற சண்டையைச் சொன்னான், என் பெயரைச் சொன்னான், என் அட்டையைச் சொன்னான். கடைசியில், உனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே துணையும் போய்விட்டதே, இனி அங்கே உனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டான். அவன் கேட்டதில் பிழையில்லை. நான் போனை வைத்துவிட்டு, அலுவிகாரையிலிருந்து டவுன் வரை நடந்தேன். திரும்பியும் நடந்தேன். வந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அண்ணா, எனக்கு இங்கே இருப்பது இதுதான். எல்லோரும் ஏறிப் போன பிறகும், போகலாம் என்று சொன்ன பிறகும், ஒரு மனிதர் என் பக்கத்தில் வந்து நின்றார். அது இந்த ஊரில்தான் நடந்தது. நான் வரவில்லை.