ஜப்பான் காருக்கு வந்த தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் ஒரு ஜப்பான் கார் வாங்கினார். சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது. சிவப்பு நிறம், இரண்டே கதவு, உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். புடவையோடு அதில் ஏறி இறங்குவதற்குள் என் மானம் போய்விடும். அவருக்கோ தலைகால் புரியவில்லை. ஆம்பூரில் நாலு தெரு தள்ளிப் போவதற்கும் அதுதான்.

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. குளித்து முடித்தவுடன் கழுத்தையும் முழங்கை மடிப்பையும் ரத்தம் வரும்வரை சொறிவாள். வேலூர் டாக்டர் களிம்பு எழுதித் தந்துவிட்டு, முதலில் தண்ணீரை மாற்றுங்கள் என்றார். தோல் பதனிடும் எங்கள் டேனரி, வீட்டின் பின்சுவரை ஒட்டியே இருந்தது. அதன் கழிவு ஓடும் கால்வாய்க்கும் எங்கள் கிணற்றுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான். குடிக்க மட்டும் ஆற்றோரத்திலிருந்து மாட்டுவண்டியில் ஒரு டிரம் வரும். மற்ற எல்லாவற்றுக்கும் கிணறு.

குழந்தை குளிக்க இன்னொரு டிரம் சொல்லுங்கள் என்று கேட்டேன். வாரக்கணக்கில் கேட்டேன். பக்கத்து நிலத்துக்காரர்கள் டேனரிகளால் தங்கள் கிணறு கெட்டுப்போனதாக மனு கொடுத்திருந்த நேரம் அது.

"நம்ம கிணத்துத் தண்ணி சரியில்லன்னு நாமளே காட்டிக் குடுத்தா ஊரு இன்னா பேசும்?" என்றார்.

அதற்குமேல் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

காரை மட்டும் டிரைவரிடம் விடமாட்டார். தினமும் காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிணற்று மோட்டாரைப் போட்டு, அடிப்பக்கம் வரை குழாயைப் பிடித்துக் கழுவுவார். என்னை ஒரு நாளும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

இரண்டாவது வருஷம் ஒரு நாள் காரில் ஏறினேன். காலடியில் விரித்திருந்த மிதியடி உள்வாங்கியது. தூக்கிப் பார்த்தால் தகடு பொத்தலாகி, கீழே சிமெண்டுத் தரை தெரிந்தது. அவர் பதறிப்போய் காருக்கு அடியில் படுத்தார். வெளியே வந்தபோது விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. டேனரிக்குப் பச்சைத் தோல் வந்து இறங்கினால், உப்புப் போட்டது போதுமா என்று தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். அதே மாதிரி விரலை நாக்கில் வைத்தார். துப்பினார்.

"உப்பு. கிணத்துத் தண்ணிதான் தின்னுடுச்சி" என்றார்.

என் எதிரில், அவர் வாயாலேயே சொன்னார். இனி குழந்தைக்கு விடிவு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் மாட்டுவண்டியில் கூடுதலாக ஒரு டிரம் வந்து இறங்கியது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். அது காருக்கு என்றார். வெளிநாட்டு வண்டிக்கு நம்ம ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்களாம்.

கார் பக்கத்திலேயே மகளின் சட்டையைக் கழற்றி நிற்கவைத்து, அந்த டிரம்மிலிருந்து மொண்டு ஊற்றினேன். அவள் சொறியாமல் சிரித்தாள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். என் கையைப் பிடித்துத் தடுப்பார், அல்லது குழந்தையின் கழுத்தையாவது ஒருமுறை பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் தெருவைத்தான் பார்த்தார்.

"கேட்டைச் சாத்திட்டு ஊத்து" என்றார்.

நான் சாத்தவில்லை.