மினுங்க மறுத்த மணிகள்

கண்ணாடிக் குச்சியை நெருப்பில் உருக்கிக் கம்பியில் சுற்றினால் மணி. அதன்மேல் தங்கத் தாளோ வெள்ளித் தாளோ ஒட்டினால் தலைவலி. அடுப்பில் பால் வைத்துவிட்டு ஒரு நொடி திரும்பி, அந்த நொடியிலேயே அது பொங்குவதைப் பார்த்த எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன், உங்களுக்குத்தான் என் அவஸ்தை புரியும்.

தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் பாதியை என் டார்ச் அடுப்பும் சிலிண்டரும் பிடித்துக்கொண்டிருந்தன. "தீபாவளிக்குள்ள மினுங்குற மணி ஒண்ணாவது விலைபோகணும். இல்லன்னா அடுப்பக் குடுத்துட்டு நீ பழையபடி பொட்டு ஒட்டப் போ" என்று என் வீட்டுக்காரர் செல்வம் கெடு வைத்திருந்தார். அட்டையில் பொட்டு ஒட்டும் பட்டறையில் எட்டு வருஷம் குனிந்த கழுத்து எனக்கு. திரும்பப் போவதை நினைத்தாலே அழுகை வந்தது.

காஞ்சும் காஜுவும்

இனிப்பின்மேல் ஒட்டும் மெல்லிய வெள்ளித் தாளுக்கு இங்கே வர்க் என்று பெயர். முதல் சோதனைக்கு அது போதுமென்று சயானில் ஒரு மிட்டாய்க் கடைக்குப் போனேன். கண்ணாடிக்கு இந்தியில் காஞ்ச். என் தென்காசி நாக்கிலோ ச-வும் ஜ-வும் அண்ணன் தம்பி. "காஞ்சு பே லகானே கா வர்க்", கண்ணாடிமேல் ஒட்டுகிற வர்க், என்று நான் கேட்டது கடைக்காரர் காதில் காஜு, அதாவது முந்திரி, என்று விழுந்துவிட்டது. அரைக்கிலோ முந்திரி கத்லியைக் கட்டி நீட்டினார். "வர்க், வர்க்" என்று நான் அலற, அவர் பொறுமையாகப் பெட்டியைத் திறந்து, ஏற்கெனவே ஒட்டியிருந்த வெள்ளியை விரலால் சுட்டினார். "லகா ஹுவா ஹை, பெஹன்ஜி!" ஒட்டித்தான் இருக்கிறதாம்.

பித்தளைத் தங்கம்

ஒருவழியாக வர்க் கிடைத்தது. கறுப்புக் கண்ணாடி மணியில் சுற்றி நெருப்பில் காட்டினேன். தாள் சுருண்டு பொரிந்து, பொடிப் பொடியாக மங்கி ஒட்டிக்கொண்டது. ஒரு தகர டப்பா நிறைய இப்படியே பாழாக்கினேன். தங்கத் தாள் என்று சந்தையில் நம்பி வாங்கியது பித்தளை. அது புகைந்து மணியோடு என் முகத்தையும் கறுப்பாக்கியது. செல்வம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏட்டி, தோசக்கல்லுலயே இதவிட நல்லா கரி பிடிக்குமே!"

அசல்

அப்புறம்தான் புத்தி வந்தது. தாளை ஒட்டியதும் அதன்மேல் நிறமில்லாத கண்ணாடியைப் போர்த்திவிட்டால் நெருப்பு அதைத் தொடாது. இந்த முறை அசல் தங்கத் தாளே வாங்கிப் போர்த்தினேன். மணிக்குள் தங்கம் அப்படியே நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கைக்குட்டையில் முடிந்துகொண்டு, மணிமாலை கோத்து விற்கும் மாட்டுங்கா மாமி வீட்டுக்கு ஓடினேன். மாமி மூக்குக்கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தார். "அசல்னு நீ சொன்னா நம்பறேன்டிம்மா. ஆனா பாக்கறதுக்குப் பிளாஸ்டிக்காட்டம்னா இருக்கு!"

கருகமணி

தீபாவளிக்கு ஒரு வாரம். எதிர் வீட்டு ஜமீலா அக்கா, அவர்கள் பேச்சில் லாத்தா, மேலப்பாளையத்துக்காரர், மகளுக்குக் கருகமணி தேடி அலைந்துகொண்டிருந்தார். நிக்காஹில் தாலியின் இடத்தில் அவர்கள் கட்டுவது அதைத்தான். நான் பாழாக்கிய மணிகளின் டப்பாவைக் கிளறியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கறுப்பு மணியில் கடுகுக்கும் சின்னதாய் வெள்ளிப் புள்ளிகள். முழுச் சரமும் இதிலேயே வேண்டுமாம்.

டப்பாவில் தேறியது பாதிச் சரம். மீதியைச் செய்ய உட்கார்ந்தால், பாழாக்குவது எப்படி என்று மறந்துபோயிருந்தது! கை தானாகத் தாளைக் காப்பாற்றியது. வெள்ளி பளபளவென்று மின்னித் தொலைத்தது. லாத்தாவின் முகம் சுருங்கிவிட்டது. "இது என்ன புள்ள, வெளுத்துல்லா போச்சு? முன்ன மாதிரி நல்லா கெடுத்துத் தா!"

நான்கு நாள் மெனக்கெட்டு ஒழுங்காகக் கெடுத்துக் கொடுத்தேன், தீபாவளிக்கு முன்பே காசு வந்தது, அடுப்பும் வீட்டிலேயே தங்கிவிட்டது. இப்போது யாராவது என்ன தொழில் என்று கேட்டால், நல்ல வெள்ளியைப் பாழாக்குவது என்று தலைநிமிர்ந்து சொல்கிறேன்.