சனிக்கிழமை மூடும் வாய்க்கால்

பள்ளியில் வைத்த பெயர் கடுகு. உருவத்தைப் பார்த்து ஒருத்தி வைத்தாள். காரத்தைப் பார்த்து மற்றவர்கள் அதை விடவில்லை. ஐம்பதை நெருங்கும்போதும் தெருவில் அவள் கடுகக்காதான். கோபம் வந்தால் அவள் குரல் உயராது, தாழும். எதிரில் இருப்பவர் காதைக் கிட்டே கொண்டுவந்து வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும்.

வேலை குடிநீர் அலுவலகத்தில். ஜன்னல் இல்லாத அறையில் புகார் எடுக்கும் தொலைபேசி அவளுடையது. தண்ணீர் வரவில்லை, வந்தது கறுப்பாக வந்தது, வாசலில் குழி வெட்டியவர்கள் மூடாமல் போய்விட்டார்கள், மூடிய குழியை மறுபடி வெட்டுகிறார்கள். ஊர் திங்களிலிருந்து சனி மதியம் வரை அவளைத் திட்டியது. வெட்டுகிறவர்களுக்குத் தொலைபேசி கிடையாது. "பதிவு பண்ணிட்டேங்க" என்பாள். திருப்பித் திட்டக் கூடாது என்பது விதி. திட்டிய ஒருத்தியை எடுத்துவிட்டுத்தான் அந்த நாற்காலியில் இவளை உட்காரவைத்தார்கள்.

கல்யாணம் ஒருமுறை பேச்சுவரைக்கும் வந்தது. பெண்ணுக்குக் கோபம் வருமா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். "வராம இருக்க நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று இவள் கேட்டாள். வந்தவர்கள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். பிறகு அம்மா படுத்தாள், அப்பா படுத்தார். இருவரையும் கரையேற்றி முடித்தபோது வீடு அவளுக்கும் தம்பிக்கும் பொதுவாக மிஞ்சியது. தம்பி அப்போது மனைவியோடு வேறு ஊரில், லிஃப்ட் விற்கும் கம்பெனியில் இருந்தான்.

வீட்டுக்குப் பின்னால் சுவர்வரைக்கும் சரிந்து இறங்கும் நிலம். சமையலறைக் கதவருகே ஓர் எலுமிச்சை. தள்ளி இரண்டு மாதுளை, ஓர் அத்தி, மற்றபடி புல். அவளுக்கு மரம் வளர்க்கத் தெரியாது. அரிசி கழுவிய தண்ணீரை எலுமிச்சைக்கு ஊற்றுவாள், அதுவும் கதவுக்குப் பக்கத்தில் அது நின்றதால். ஞாயிற்றுக்கிழமை பின்படியில் உட்காருவாள். படிக்க மாட்டாள், பாட்டுக் கேட்க மாட்டாள். யாரும் அவளை எதுவும் கேட்காத இடம் ஊரில் அது ஒன்றுதான்.

கம்பெனி தம்பியை வேலையைவிட்டு அனுப்பிவிட்டது. அவன் ஏதோ ஒரு மலைப் பண்ணையில் சில மாதம் தங்கிவிட்டுத் தாடியோடு வந்து இறங்கினான். மனைவிக்குப் பழைய ஊரிலேயே வேலை இருந்தது, அவள் வரவில்லை.

"பெர்மாகல்ச்சர் சொல்லித்தரப் போறேன் அக்கா. நம்ம தோட்டத்திலேயே."

"அப்படின்னா என்னடா?"

"நிலத்தை அதும்பாட்டுக்கு விடறது. நாம குறுக்கே போகாம இருக்கறது."

"அதைத்தானே நான் இத்தனை வருஷமா பண்ணிட்டிருக்கேன். ஒருத்தனும் சர்டிபிகேட் குடுக்கலையே."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அப்படித்தான் அனுமதி கிடைத்தது.

மாதம் ஒரு ஞாயிறு என்று ஆரம்பித்து, கூட்டம் சேரச் சேர எல்லா ஞாயிறும் ஆயிற்று. விளம்பரத்தில் 'கையால் செய்து கற்கலாம்' என்று போட்டிருந்தான். பல் டாக்டர், வங்கிக்காரர்கள், கணினி முன்னால் கழுத்து வலி வந்தவர்கள், புதுக் கையுறையோடு வந்து இறங்குவார்கள். மூன்று கழிகளைக் கட்டி நடுவில் கயிற்றில் கல் தொங்கவிட்டுச் சரிவில் மட்டம் பார்ப்பார்கள். மட்டம் போகும் வழியில் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டுவார்கள். ஓடிப்போகும் மழைத் தண்ணீர் அங்கே நின்று மண்ணுக்குள் இறங்கும் என்று தம்பி சொல்வான். பிறகு மரத்தடியில் அட்டை பரப்பி, மேலே வைக்கோல் பரப்பி மூடாக்குப் போடுவார்கள். பிறகு ஆளுக்கொரு கிளை வெட்டிக் கவாத்துப் பழகுவார்கள். மாலையில் எலுமிச்சைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அவள் சமையலறையில் சேற்றுக்கால் தடம் இருக்கும். கழிவறை வாசலில் வரிசை நிற்கும். கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்த ஒருத்தி, "நீங்க இங்க வேலை பாக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா. வீட்டுக்காரி வேலை" என்றாள் கடுகு. அந்தப் பெண் காதைக் கிட்டே கொண்டுவரவில்லை, தப்பித்தாள்.

சனி மதியம் தலைவலியோடு வருகிறவள் கதவைச் சாத்திப் படுத்துவிடுவாள். பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்கும். ஏதோ தயார் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொள்வாள். ஞாயிறு முழுவதும் வீட்டின் முன்னறையில் அடைந்து கிடந்ததால் பின்னால் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்ததில்லை. எலுமிச்சை இலை உதிர்த்தது. மிச்ச இலை மஞ்சளானது. அத்தியில் விரல்களை மடக்கிய கைபோல ஒரு கிளைக்கட்டை மட்டும் நின்றது. படிக்கிறவர்கள் கையில் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

தம்பி மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போய், அவன் அந்த ஊருக்குப் போனான். வகுப்பு நின்றது. அந்த இடைவெளியில் மழை பெய்தது.

ஞாயிறு காலையில் கதவைத் திறந்தவள், வாய்க்காலில் வானம் கிடப்பதைப் பார்த்தாள். மறுவாரமும் தண்ணீர் வற்றவில்லை. ஒரு தவளை எங்கிருந்தோ வந்து குடியேறியது. எலுமிச்சையின் வெறுங்கிளைகளில் செம்பு நிறத்தில் தளிர்கள், நடுவே மொட்டுகள். தம்பி இத்தனை நாள் கத்தியது பொய்யில்லை என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது. நாற்காலியை எடுத்துக் கரையில் போட்டுக் காலைத் தண்ணீருக்குள் விட்டாள். அன்றைக்கு மதியச் சாப்பாடும் அங்கேதான். அவனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "உன் வாய்க்கால்ல தண்ணி நிக்குதுடா."

"சொன்னேன்ல" என்றான். குரலில் சந்தோஷம் இருந்தது.

அவன் திரும்பிய வாரம், சனி காலையில் ஒருவர் தொலைபேசியில் அவளுடைய செத்துப்போன அம்மாவரைக்கும் போனார். வாசலில் மூன்றாம் முறையாகக் குழி வெட்டியிருக்கிறார்களாம். "பதிவு பண்ணிட்டேங்க" என்றாள். வீட்டுக்கு வந்து, தண்ணீரில் கால் வைக்கலாம் என்று பின்கதவைத் திறந்தாள்.

தம்பி வாய்க்காலை மூடிக்கொண்டிருந்தான். கரைமண்ணை மண்வெட்டியால் இழுத்து உள்ளே தள்ளினான். தண்ணீர் கலங்கி, இடமில்லாமல் புல்லில் ஏறியது. எலுமிச்சைக்கு அடியிலிருந்த அட்டையும் வைக்கோலும் உரித்தெடுத்துச் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன.

"என்னடா பண்றே?"

"நாளைக்கு ஆளுங்க வர்றாங்க அக்கா."

"வரட்டும். இதை ஏன் மூடறே?"

"அவங்க தோண்டணும்ல?"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஒவ்வொரு சனியும் கேட்ட சத்தம் இதுதான்.

"தோண்டினதைக் காட்டு. இதுதான் வாய்க்கால், தண்ணி இப்படித்தான் நிக்கும்னு சொல்லு."

"பாக்கறதுக்கு யாரு வருவா? பாக்கணும்னா போன்லயே பாத்துக்குவாங்க. கையால செய்யத்தான் வர்றாங்க. அவங்களுக்குத் தொடாத மண்ணு வேணும்."

"இதா தொடாத மண்ணு? ஊரே கைவச்ச எச்சில் மண்ணுடா இது."

"அவங்களுக்கு அது தெரியாது."

"வேற இடத்துல வெட்டு."

"மட்டம் இங்கதான் வருது. அந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கம் உன் சமையலறை வடிகால். நான் என்ன பண்ண?"

"வாரம் பூரா எவன் எவனோ வெட்டி மூடறதுக்கு நான் திட்டு வாங்கறேன். வீட்டுக்கு வந்தா நீயும் அதே வேலைதான் பாக்கறே. அவனுங்களாவது குழாய் போடறோம்னு சொல்றானுங்க."

"உனக்குத் தோட்டத்தைப் பத்தி என்ன தெரியும்? ஒரு செடி நட்டிருக்கியா?"

"நடலை. பிடுங்கவும் இல்லை."

அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. அவன் மண்வெட்டியைக் கீழே போட்டான். விட்டுவிட்டான் என்று நினைத்து உள்ளே போனாள். விடிந்து பார்த்தபோது நிலம் மட்டமாக, சீவிய தலைபோல வாரிவிடப்பட்டிருந்தது.

அன்று வந்த கூட்டத்தில் பல் டாக்டரும் இருந்தாள். முன்பு ஒருமுறை வந்து கற்றவள். இம்முறை தான் வெட்டிய வாய்க்காலை மாமியாருக்குக் காட்டுவதற்காக அழைத்து வந்திருந்தாள்.

"வீட்ல ஒரு வெங்காயம் உரிச்சதில்லை. இங்க வந்து குழி வெட்டினாளாம். அதைக் கண்ணால பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்" என்றாள் மாமியார் எல்லோரிடமும்.

பல் டாக்டர் நிலத்தை இப்படியும் அப்படியும் பார்த்தாள். "சார், இங்கதானே வெட்டினேன்? எங்க அது?"

"மழைல மண்ணு சரிஞ்சு தானா மூடிக்கிச்சு மேடம்" என்றான் தம்பி. சொல்லிவிட்டுச் சமையலறைக் கதவைப் பார்த்தான். அங்கே கடுகு நின்றிருந்தாள்.

"சரியலைங்க" என்றாள். அலுவலகக் குரல். "நேத்து இவன் மூடினான். நீங்க வெட்டினதையும் மூடினான், உங்களுக்கு முன்னாடி வந்தவங்க வெட்டினதையும் மூடினான். எல்லாரும் வெட்டினது ஒரே குழிதான். இந்த மரம் சாகறதும் அதனாலதான்."

மாமியார் மருமகளைப் பார்த்து, "வெங்காயமே உரிச்சிருக்கலாம்" என்றாள்.

கடுகு காத்திருந்தாள். இதற்குமேல் என்ன இருக்கிறது, கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தாள். நெட்டையாக ஒருவர், விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத மண்வெட்டியோடு, தம்பியிடம் கேட்டார்: "அப்ப இன்னிக்கு நாங்க வெட்டலாமா, கூடாதா? ரொம்ப தூரத்துலேருந்து வர்றேன்."

தம்பி தரையைப் பார்த்தான்.

"நான் வெட்டிட்டேன். இவங்களுக்கும் அந்த அனுபவம் கிடைக்கட்டுமே சார்" என்றாள் பல் டாக்டர் பெருந்தன்மையாக. நான்கைந்து தலைகள் ஆடின. ஒருவர் கழிகளைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

அவள் வாழ்க்கையில் ஒரு புகாரைத் தானே கொடுத்தது அதுதான் முதல்முறை. எதிரே இருந்தவர்கள் அதைக் கேட்டார்கள், தலையாட்டினார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள்.

நெட்டையர் ஓங்கிய முதல் வெட்டில் மண்ணோடு வெள்ளையாக ஒரு கொத்து வேர் வந்தது. எலுமிச்சையின் புதுவேர். அவர் அதை உதறிவிட்டு அடுத்த வெட்டை வெட்டினார்.

கடுகு இறங்கி வந்து தம்பிக்கு எதிரில் நின்றாள். "பாகம் பிரிடா."

"அக்கா, எல்லார் முன்னாடியும் வேணாமே."

"எல்லார் முன்னாடியும்தான். உன் பாதியை வெட்டு, மூடு, புதைச்சுக்கோ. என் பாதியில எவனாவது கால் வச்சா அதே மண்வெட்டியால வாங்குவான்."

நெட்டையர் மெல்ல இரண்டடி தள்ளிப் போனார்.

பிரித்துவைக்க மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ஊர்ப்பட்ட சொத்துச் சண்டை பார்த்தவர். "வீட்டுக்காகப் பிரிஞ்சவங்களைப் பாத்திருக்கேன், நகைக்காகப் பிரிஞ்சவங்களைப் பாத்திருக்கேன். ஒரு குழிக்காகப் பிரியறவங்களை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். சமாதானம் பேசிப் பார்த்தார்.

"மாமா, வாரத்துல ஒரு நாள்தான் எனக்கு இருக்கு" என்றாள் கடுகு.

"நிலத்தைக் கோடு போட்டுப் பிரிக்கக் கூடாதுன்னுதான் மாமா நான் சொல்லித்தர்றதே" என்றான் தம்பி.

"நீ சொல்லித்தர்றதை நீயே கேக்கலை, நிலம் கேக்குமா?" என்ற மாமா, படியிலிருந்து சுவர்வரைக்கும் கயிறு கட்டினார். எலுமிச்சை அவளுக்கு. மாதுளையும் அத்தியும் தம்பிக்கு. வாய்க்கால் கயிற்றுக்கு இரண்டு பக்கமும் ஓடியது. சனிக்கிழமை அவன் தன் பாதியை மட்டும், கயிற்றுக்கு நேர்கீழே வரைக்கும், ஒரு கைப்பிடி கூடுதலோ குறைவோ இல்லாமல் மூடினான். அவள் தன் பாதியின் வாயில் கற்களை அடுக்கிச் சேறு பூசினாள். அக்காளும் தம்பியும் அருகருகே குனிந்திருந்தார்கள்.

அடுத்த வாரம் நல்ல மழை. ஞாயிறு காலையில் அவள் நாற்காலியைக் கரையில் போட்டுக் காலைத் தண்ணீரில் வைத்தாள். எலுமிச்சை பிழைக்குமா என்று தெரியவில்லை. ஒரு பக்கம் காய்ந்துவிட்டது, மறுபக்கம் தளிர் நின்றது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் புதுக்கூட்டம். கழியில் கல் ஆடியது.

"அங்க பாருங்க" என்றான் தம்பி, சொல்லித்தரும் குரலில். "தண்ணி எப்படி நிக்குது பாருங்க. தொடாம விட்டா நிலம் அப்படித்தான் இருக்கும்."

எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி போனைத் தூக்கினாள். இன்னொருவர் கயிற்றின் மேல் கை வைத்து எட்டி, "அக்கா, இதை எப்படிப் பராமரிக்கறீங்க?" என்று கேட்டார்.

அவள் காலைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை போலும், இன்னும் கொஞ்சம் குனிந்து காதைக் கொடுத்தார்.

"வெட்டத்தானே வந்தீங்க" என்றாள். "போய் வெட்டுங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார். தம்பி மண்வெட்டிகளைக் கொடுத்தான். அவர்கள் வெட்டினார்கள்.