என் இடத்தில் நின்ற கட்டைக்கால் எழுத்து

2024 செப்டம்பர் 22, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். ஏழு மணிக்குக் கடையைத் திறந்து, கணினித் திரையைத் துடைத்து, முந்தின நாள் ஆர்டர்களைச் சரிபார்த்தேன். போர்டு, பேனர், விசிட்டிங் கார்டு ஆகியவற்றை வடிவமைத்துத் தருவது இருபத்திரண்டு வருடமாக என் தொழில். ஞாயிறு பகல் ஒரு மணிக்கு அடைத்துவிடுவேன். மாதத்தின் நான்காவது ஞாயிறு மாலை அடி அண்ணாமலைக்குப் போவேன். வீடு கட்ட வாங்கிப் போட்ட மூன்று சென்ட் இடம் அங்கே இருக்கிறது. நான்கு மூலைக் கல்லையும் பார்த்து, இரண்டு வேப்பங்கன்றுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்புவேன்.

அன்று அந்த இடத்தின் நடுவில் ஒரு போர்டு நின்றது. மஞ்சள் தகட்டில் கறுப்பு ஆங்கில எழுத்து: தனியார் சொத்து, உள்ளே வராதே. கீழே உரிமையாளர் என்று வேறொருவர் பெயர்.

தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். மூலைக் கற்களை எண்ணினேன். நான்கும் இருந்தன. என் இடம்தான். அதற்குப் பிறகுதான் எழுத்தைக் கவனித்தேன். அது நான் வைத்துக்கொடுத்த எழுத்து.

அந்த வாரம் புதன்கிழமை போர்டு வேண்டும் என்று ஒருவர் கடைக்கு வந்து, "சார், பாத்தாலே ஆளு திரும்பிப் போயிடணும். அந்த மாதிரி எழுத்தா போடுங்க" என்றார்.

கட்டைக்கால் எழுத்தைக் காட்டினேன். கடையில் நாங்கள் வைத்த பெயர் அது. ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் காலிலும் செங்கல் வைத்த மாதிரி தடித்த பட்டை இருக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு ஆகாது. லாரி முகப்பு, லாட்ஜ், உடற்பயிற்சிக் கூடம் என்றால் அதுதான். நெளியாது, குழையாது; சொன்னது சொன்னதுதான் என்று நிற்கும்.

"இதான் சார்! கோர்ட்டு ஆர்டர் மாதிரியே இருக்குது" என்று சிரித்தார். வழக்கம்போல் மாதிரித் தாளில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். எந்த இடத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

போர்டைப் பார்த்தபடி நின்றபோது, இடத்துக்கு எதிரே இளநீர் விற்கும் அம்மா குரல் கொடுத்தார். "என்னாண்ணா, எடத்த குடுத்துட்டீங்களாமே? ஒரு வார்த்தை சொல்லல?"

"யாரும்மா சொன்னது?"

"யாரு சொல்லணும்? அதான் இம்மாம் பெரிய போர்டு நிக்குதே."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"எனக்கு எங்க இங்கிலீஷு? ஆனா அந்த எழுத்தப் பாத்தா கவர்மெண்ட்டு மாதிரி இருக்குது. மூணு நாளா ஆட்டக்கூட உள்ள உடல நானு."

படிக்கத் தெரியாதவரையும் அந்த எழுத்து வெளியே நிறுத்திவிட்டது. சொந்தக்காரனான என்னையும் ஒரு நிமிடம் நிறுத்தியது. பொய்க்கு அவ்வளவு உறுதியான கால்களைக் கொடுத்தவன் நான். கொண்டுபோன தண்ணீரைக் கன்றுகளுக்கு ஊற்றக்கூட மறந்து திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை திரையைத் துடைக்கவில்லை. புதன்கிழமை ஃபைலிலிருந்து அந்த மாதிரித் தாளை எடுத்தேன். தேதியும் கையெழுத்தும் தெளிவாக இருந்தன. பட்டா நகலோடு சேர்த்துப் பின் அடித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன்.